பேய் கட்டியிருந்தது என் சேலை

அந்த போனை மொதல்ல பைக்குள்ள போடுங்க தம்பி. போட்டுட்டீங்களா? அந்த அம்மிணியும் போடட்டும். போர்டிகோவுல நிக்க விடறேன்னா அது மழைக்காக. உங்களுக்காக இல்லை. மழை விட்டதும் வந்த வழியே போயிக்கிட்டே இருக்கணும். உள்ள எட்டிப் பாக்கக் கூடாது. மாடி ஜன்னலைப் படம் எடுக்கக் கூடாது. "அம்மா, ஒரே ஒரு செல்பி"ன்னு பல்லைக் காட்டக் கூடாது. போன ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம் வந்துச்சு. அதுல ஒருத்தன் என் தோள்மேல கையைப் போட்டுக்கிட்டு நிக்கறான். பேயோட போட்டோ எடுத்துக்கறானாம். வெளக்குமாத்தை எடுத்தேன். அதையும் படம் புடிச்சுக்கிட்டுத்தான் போனானுங்க.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஆமா, நான்தான். படத்துல அந்தப் பேய் கட்டிக்கிட்டு வருதே அரக்குச் சேலை, அது என்னோடது. பீரோவுலருந்து மடிப்புக் கலையாம எடுத்து, நானே என் கையால குடுத்தேன். பேய்க்குன்னு சொல்லியா கேட்டாங்க? எசமானியம்மா வேஷத்துக்குன்னு கேட்டாங்க. நானும் இளிச்சுக்கிட்டுக் குடுத்தேன்.

இந்த ஊட்டுல பேயுமில்லை பிசாசுமில்லை. கட்டினது ஒரு வெள்ளைக்காரத் தொரை. அவன் பொண்டாட்டி இங்கயே செத்துட்டாளாம், நடமாடறாளாம்னு கீழ டீக்கடையில கதை சொல்லுவாங்க. நான் கல்யாணமாகி இந்தச் சேர்வராயன் மலைக்கு வந்ததுலருந்து எலி பாத்திருக்கேன், மரநாய் பாத்திருக்கேன், மழைக்கு உள்ள வந்த பாம்பு பாத்திருக்கேன். வெள்ளைக்காரியை ஒரு நாளும் பாத்ததில்லை. என் மாமனார் தொரைகிட்ட வாங்கினாரு, சுத்தி இருக்கற காப்பித் தோட்டத்தோட. அவருக்கு ரெண்டு பசங்க. பெரியவர் கந்தவேல், அவரைக் கட்டிக்கிட்டு வந்தவ நான். பேரு மரகதம். சின்னவரு சபாபதி. அவரைக் கட்டிக்கிட்டு வந்தவ வசந்தாமணி.

சின்னவரு கல்யாணமாகி ரெண்டாம் வருஷம் ஜீப்போட பள்ளத்துல போயிட்டாரு. இந்த மாதிரிதான் மஞ்சு எறங்கி ஒரே பனிமூட்டம், வளைவு தெரியலை. புள்ளைகுட்டி கெடையாது. வசந்தாவுக்கு அப்ப இந்த அம்மிணி வயசுதான் இருக்கும். காரியம் முடிஞ்சதும் அவ அப்பனும் அண்ணனும் ராசிபுரத்துலருந்து காரெடுத்துக்கிட்டு வந்து நின்னாங்க, கூட்டிட்டுப் போறோம்னு. நான்தான் வாசல்ல நின்னு சொன்னேன். "எங்கூட்டுக்கு வந்த பொண்ணு எங்கூட்டுலதான் இருக்கணும். அங்க போனா அண்ணி பேச்சுக் கேக்கணும், பாத்திரம் தேய்க்கணும். இங்க ராணி மாதிரி வெச்சுக்கிறோம்." அவ அப்பன் அழுதுட்டுப் போயிட்டாரு. சந்தோசத்துலதான் அழுதிருப்பாரு.

ராணி மாதிரிதான் வெச்சிருந்தேன். மாடியில, காத்தோட்டமான ரூம். தையல் மிசின் வேணும்னா, வாங்கிக் குடுத்தோம். ரேடியோ அவ கல்யாணத்துக்கு வந்தது, அதை நான் தொடலை. சத்தமாத்தான் வெக்க வேண்டாம்னேன். தாலியறுத்த பொண்ணு ரூம்ல பாட்டுக் கேட்டா தோட்டத்து ஆளுங்க என்ன பேசுவாங்க? பொழுது சாயறதுக்குள்ள கீழ்க்கதவு, பின்கதவு, மாடிப்படிக் கதவு எல்லாம் சாத்திட்டு நானே மேல போயி அவளைப் பாத்துட்டு வருவேன். வராந்தாவுல வரும்போதே ரெண்டு தடவை கனைப்பேன். திடீர்னு போயி நின்னா பயந்துக்குவாளேன்னுதான். அந்த அளவுக்கு எனக்கு அவமேல அக்கறை.

அவ அண்ணன் மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்துச்சு. அவ போகணும்னு கேட்டா. வாயைத் தொறந்து கேக்கலை, சேலையை எடுத்து இஸ்திரி போட்டு வெச்சிருந்தா. நான் பாத்துட்டுச் சொன்னேன், "முகூர்த்தத்துல போயி நீ நின்னா, நாலு பேரு மூஞ்சியைத் திருப்புவாங்க, உனக்குத்தானே வசந்தா சங்கடம்?" அவ சேலையை மடிச்சு வெச்சுட்டா. புரிஞ்சுக்கிட்டா. அவளுக்கு எதையும் ரெண்டாவது தடவை சொல்லவே வேண்டாம்.

கீழ தபால் ஆபீசுல வேலை பாத்தவரு ஒருத்தர், பொண்டாட்டி இல்லாதவரு, நல்ல மனுசன்தான், குறை சொல்லக் கூடாது. மொறையா எங்கிட்ட வந்து கேட்டாரு. வசந்தாவைக் கட்டிக்கிறேன்னாரு. அவளுக்கு இஷ்டமில்லைங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். என்ன அம்மிணி? அவளைக் கேட்டேனாவா? எதுக்குக் கேக்கணும்? கேட்டா மனசு கலங்கும். கலங்காம வெச்சுக்கறதுதானே பெரியவங்க வேலை?

சொத்துக்காகன்னு கீழ பேசிக்கிறானுங்க. பேசட்டும். எனக்கு எதுக்குச் சொத்து? எனக்கும் புள்ளை கெடையாது. என் ஊட்டுக்காரரும் போயிச் சேந்தாச்சு. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. அப்பறம் இவ்வளவு பெரிய ஊட்டுல நானும் அவளும்தான். அவளும் போயிட்டா, நான் யாருக்குச் சோறாக்கறது? சொல்லுங்க.

சரி, படத்துக்காரங்க கதைக்கு வர்றேன். அதைக் கேக்கத்தானே வந்தீங்க?

ஐப்பசி மழையில வந்தாங்க. டைரக்டர் பையன் பேரு இளம்பரிதி. மீசை கூட சரியா மொளைக்கலை, பேச்சு மட்டும் பஞ்சு மாதிரி. "அம்மா, இந்த மாதிரி ஒரு வீட்டைத்தான் நான் வருஷக்கணக்கா தேடிக்கிட்டிருந்தேன்"னான். இந்த ஓடெல்லாம் அப்ப ஒழுகிக்கிட்டிருந்துச்சு. மாத்திக் குடுத்துடறோம்னான். பொறவு, உண்மையைச் சொல்றேன், எங்கிட்ட ஒருத்தர் உக்காந்து பேசி ரொம்ப நாளாச்சு. அவன் உக்காந்து பேசினான். நான் எப்ப எந்திரிப்பேன், எப்ப வெளக்குப் போடுவேன், எந்தக் கதவை மொதல்ல சாத்துவேன், எல்லாம் கேட்டான். நானும் ஒண்ணு விடாம சொன்னேன். இப்ப நெனைச்சா பத்திக்கிட்டு வருது.

"பேய்ப் படம்னு சொன்னீங்களே, பேய் எங்கப்பா?"ன்னு கேட்டேன். "வரும்மா. மெதுவாத்தான் வரும்"னான்.

மெதுவான்னா எப்படி மெதுவா! அந்தப் படம் எடுத்த லட்சணத்தைப் பாத்திருக்கணும் நீங்க. ஒரு கதவு தொறக்கறதை நாள் பூரா எடுத்தானுங்க. காத்துல திரை ஆடறதை எடுத்தானுங்க. நான் காயப்போட்ட துண்டுலருந்து தண்ணி சொட்டறதைப் படுத்துக்கிட்டு எடுத்தானுங்க. வெளிய கை நீட்டினா கை தெரியாத மஞ்சு. உள்ள இவனுங்க மிசின் வெச்சுப் புகை போடறானுங்க. நான் அந்தக் காலத்துல பேய்ப் படம் பாத்திருக்கேன். பேய்னா வெள்ளைச் சேலை, தலைவிரி கோலம், ஒரு அலறல். "உங்க படத்துல ஒருத்தியாவது ஓட வேண்டாமா? கத்த வேண்டாமா?"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். "கத்தறதுக்குக் கூட பயப்படற வீடும்மா இது"ன்னான். கதையிலன்னு நெனைச்சுக்கிட்டேன்.

தாரிணின்னு ஒரு பொண்ணு. நல்ல லட்சணம். அவதான் எசமானியம்மா வேஷம்னாங்க. என் பின்னாலயே சுத்துவா. அடுப்படியில நின்னா அடுப்படியில நிப்பா. "அம்மா, முந்தானையை எப்படி இழுத்துச் சொருகறீங்க, காட்டுங்க." "அம்மா, கதவைச் சாத்திட்டு ஏன் ரெண்டு தடவை தள்ளிப் பாக்கறீங்க?" "அம்மா, அந்தக் கனைப்பு, இன்னொரு தடவை." எனக்குப் பெருமையா இருந்துச்சு. இந்தக் காலத்துப் பொண்ணு ஒருத்தி குடும்பப் பொம்பளையோட நடை உடையைக் கத்துக்கறாளேன்னு. முதுகை நிமித்துடி, எசமானின்னா கூன் போடக் கூடாதுன்னு நானே நடந்து காட்டினேன். கொண்டை போட்டுவிட்டேன். சேலையும் குடுத்தேன். எனக்குப் பொண்ணு இருந்தா இப்படித்தான் இருப்பாள்னு ஒரு நிமிசம் தோணுச்சு. ஒரே ஒரு நிமிசந்தான்.

வசந்தாகிட்ட மட்டும் கண்டிஷனா சொல்லி வெச்சிருந்தேன். சினிமாக்காரங்க இருக்கற வரைக்கும் கீழ வராதே, சாப்பாடு மேல வரும்னு. ஆனா துணிமணி பாக்கறதுக்கு ஸ்டெல்லான்னு ஒருத்தி வந்திருந்தா. வாட்டசாட்டமான பொம்பளை, சிரிச்சா தோட்டத்துக்கே கேக்கும். ஏதோ ரவிக்கை பிரிஞ்சுடுச்சு, மேல மிசின் சத்தம் கேக்குதேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம படியேறிட்டா. அதுலருந்து ஆரம்பிச்சுது. வசந்தா தைக்கறதும், இவ துணியைத் தூக்கிக்கிட்டு மேல ஓடறதும். ஒரு நாள் மேலருந்து சிரிப்புச் சத்தம். ரெண்டு பேரு சிரிக்கறாங்க. ஒண்ணு ஸ்டெல்லா. இன்னொண்ணு யாருன்னு நான் அடுப்படியில நின்னு யோசிக்கறேன். வசந்தா. எனக்கு அவ சிரிப்பே மறந்து போயிருந்துச்சு.

நான் கரண்டியைக் கீழ வெச்சுட்டு மேல போனேன். கனைச்சேன். சத்தம் நின்னுடுச்சு. ஸ்டெல்லா என்னைப் பாத்தா, வசந்தாவைப் பாத்தா. நான் மரியாதையாத்தான் சொன்னேன், "ரவிக்கை தைக்கறதுக்கு எதுக்குங்க பல்லு தெரியணும்?"

பொறவு ஒரு நாள் மாடி வராந்தாவுல சூட்டிங். அந்த எசமானியம்மா வராந்தாவுல நடந்து வரணும், கடைசி ரூம் கதவைத் தள்ளணும், அவ்வளவுதான். கடைசி ரூம் வசந்தா ரூம். அவகிட்டச் சொல்லிட்டாங்க, நீங்க உள்ளயே இருங்க, தைச்சுக்கிட்டே இருங்க, கதவு வரைக்குந்தான் எடுக்கறோம்னு. ஸ்டெல்லாவும் உள்ளதான் உக்காந்திருந்தா. பட்டப்பகல். நான் கேமராவுக்குப் பின்னால நாக்காலி போட்டு உக்காந்திருக்கேன், எனக்குன்னு மரியாதையாப் போட்ட நாக்காலி.

தாரிணி நடந்து வந்தா. என் சேலை, என் கொண்டை, என் நடை. நல்லாத்தான் நடந்தா, பொய் சொல்லக் கூடாது. உள்ள மிசின் ஓடிக்கிட்டிருக்கு, ரேடியோ மெல்லிசாப் பாடிக்கிட்டிருக்கு. தாரிணி கதவுகிட்ட வந்து ரெண்டு தடவை கனைச்சா.

மிசின் நின்னுச்சு. ரேடியோ நின்னுச்சு. கதவிடுக்குல தெரிஞ்ச லைட்டும் அணைஞ்சுது.

தாரிணி கதவைத் தள்ளினா. உள்ள வசந்தா கட்டில் ஓரத்துல, கையை மடியில வெச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நிமிந்து பாக்கவே இல்லை. குனிஞ்ச தலையோட சொல்றா, "தூங்கிட்டேனுங்க்கா. தூங்கிட்டேன்."

நான் சிரிச்சுட்டேன். சிரிக்க மாட்டாங்களா? நடிக்கறது எது, நெசம் எதுன்னு தெரியாத வெகுளி அவ. பட்டப்பகல்ல உக்காந்துக்கிட்டு தூங்கிட்டேங்கறா. ஆனா வேற ஒருத்தரும் சிரிக்கலை. டைரக்டர் பையன் கட் சொல்லவே இல்லை. லைட்டுப் புடிச்சிருந்தவன் தலையைத் திருப்பிக்கிட்டான். தாரிணி கதவுல கையை வெச்ச வாக்குல நின்னா. ஸ்டெல்லா எந்திரிச்சுப் போயி வசந்தா பக்கத்துல உக்காந்து அவ தோளைப் புடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. நான் என்ன பண்ணினேன்? நாக்காலியில உக்காந்திருந்தேன்.

அன்னைக்குச் சாங்காலம் டைரக்டர் பையன் வந்து கேக்கறான், "அம்மா, அவங்க கடைசியா எப்ப மலை எறங்கினாங்க?"

"பல்லு புடுங்கறதுக்குப் போனா."

"அது எப்பம்மா?"

"என் ஊட்டுக்காரர் இருக்கும்போது. ஏன், எதுக்கு எறங்கணும்? இங்க என்ன குறை?"

அதுக்கப்பறம் என் நாக்காலியைப் போடவே இல்லை அவனுங்க. நான் டீ வெச்சுக் குடுத்தா, குடிச்சோம்மாங்கறது. நான் அடுப்படிக்குள்ள போனா அங்க பேசிக்கிட்டிருந்தவங்க வெளிய வர்றது. என் ஊட்டுல, என் அடுப்படியில! தாரிணி மட்டும் இன்னமும் என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. ஆனா இப்ப கேள்வி கேக்கறதில்லை. தூரத்துல நின்னு பாக்கறது. நோயாளியைப் பாக்கற மாதிரி.

கடைசி நாள். சாமானெல்லாம் வேன்ல ஏத்திக்கிட்டிருக்காங்க. வெயில் அடிச்சுது அன்னைக்கு, அதிசயமா. மாடிப்படியில வசந்தா எறங்கி வர்றா, கையில ஒரு பை. இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தா. பின்னால ஸ்டெல்லா அந்தத் தையல் மிசினைத் தூக்கிக்கிட்டு வர்றா.

நான் வாசப்படியில நின்னேன்.

"எங்க வசந்தா?"

"சேலத்துல ஒரு தையல் கடைங்க்கா. இவங்க ஏற்பாடு பண்ணியிருக்காங்க."

"யாரைக் கேட்டு?"

நான் நல்ல விதமாத்தான் எடுத்துச் சொன்னேன். "வெளி உலகம் உனக்குத் தெரியாது. பஸ் ஏறத் தெரியுமா உனக்கு? சினிமாக்காரி பேச்சைக் கேட்டுப் போயி நடுத்தெருவுல நிப்பே. இன்னைக்கு இந்தப் படியைத் தாண்டினா திரும்ப ஏற முடியாது, ஆமா."

"அது தெரிஞ்சுதானுங்க்கா போறேன்"னா. அப்பறம் சொன்னா, "வழி விடுங்க."

அழுதுக்கிட்டுச் சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். அவ அழுவலை. அதுதான் எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. இத்தனை வருஷமா நான் சோறு போட்டு வளத்த முகத்துல, எனக்குத் தெரியாத ஒருத்தி நின்னு பேசறா. நான் நகரலைதான். ஆனா தாரிணி வந்து என் கையைப் புடிச்சு, மெதுவா, எதோ கெழவியை ரோடு தாண்டி விடற மாதிரி ஓரமா நிறுத்தினா. அவ உடம்புல இன்னமும் என் சேலை. என் சேலைக்காரி என்னை என் வாசல்லருந்தே நகத்தி வெச்சுட்டா. வசந்தா எறங்கிப் போயிட்டா. திரும்பிப் பாத்தாளான்னு கேக்காதீங்க. மஞ்சு இல்லாத நாளு. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

படம் வந்துச்சு. என் அக்கா மகன் குமரேசு, சித்தி உங்க ஊட்டைப் பெரிய திரையில பாக்கலாம் வாங்கன்னு சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனான். அவனுக்கும் கதை தெரியாது. நானும் அதே மாதிரி இன்னொரு நல்ல அரக்குச் சேலை கட்டிக்கிட்டு, கொண்டையில பூ வெக்காட்டியும் திருத்தமா சீவிக்கிட்டுப் போனேன். மொதல்ல ஊட்டைக் காட்டினாங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அவ்வளவு அழகு. பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, இது எங்கூடுதானுங்கன்னு சொன்னேன்.

மாடியில ஒரு பொண்ணு. தையல் மிசின். வராந்தாவுல காலடி. கூட்டம் மூச்சு விடலை. இருட்டு வராந்தாவுல கனைப்பு கேட்டுச்சு, தியேட்டர்ல இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் சேந்து உஸ்ஸுன்னு மூச்சை இழுத்தாங்க. அப்பறந்தான் அவ வந்தா. மூஞ்சியைக் காட்டலை. சேலையைக் காட்டினாங்க, கொண்டையைக் காட்டினாங்க, கதவைச் சாத்திட்டு ரெண்டு தடவை தள்ளிப் பாக்கற கையைக் காட்டினாங்க. எனக்குப் பின்னால ஒரு பையன் சொல்றான், "மச்சி, அந்த அம்மாவுக்குத் தான் செத்துப்போனதே தெரியலைடா. இன்னமும் ஊட்டைக் காவல் காத்துக்கிட்டிருக்கு."

இடைவேளையில லைட்டைப் போட்டாங்க. முன் வரிசையில இருந்த ஒரு சின்னப் புள்ளை பாப்கார்ன் வாங்கறதுக்குத் திரும்புச்சு. என்னைப் பாத்துச்சு. பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் வீல்னு கத்தி அம்மா மடியில மூஞ்சியைப் பொதைச்சுக்கிச்சு. வளர்ப்பு சரியில்லாத புள்ளை. ஆனா அந்த அம்மாளும் திரும்பிப் பாத்தா. எனக்குப் பக்கத்துல இருந்தவங்களும் பாத்தாங்க. எங்கூடுதானுங்கன்னு நான் சொன்னேனே, அந்த அம்மா பையை எடுத்து இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கத்துக்கு மாத்தி வெச்சுக்கிட்டாங்க.

நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். குமரேசுகிட்ட, வசந்தா கடை எங்கன்னு விசாரிச்சு அங்க ஓட்டுடான்னேன்.

ஒரு சந்துல இருந்துச்சு கடை. வாசல்ல நாலஞ்சு பொம்பளைங்க அளவு குடுக்க நிக்கறாங்க. வசந்தா கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டு, சதை போட்டு, கண்ணாடியெல்லாம் போட்டிருந்தா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சா. கால்ல விழுவான்னு ஒரு நெனப்பு எனக்கு. "வாங்க்கா, உக்காருங்க. ஒரு ரவிக்கை கைவேலை இருக்குது, முடிச்சுக் குடுத்துட்டு வந்துடறேன்"னா. என்னைக் காக்க வெச்சா! ஸ்டூல்ல உக்காந்து காத்திருந்தேன். டீ வந்துச்சு. தொடலை நான்.

அவ வந்து உக்காந்ததும் கொட்டித் தீத்துட்டேன். "என்னடி சொல்லிக் குடுத்தே அவனுங்களுக்கு? உன்னைப் பூட்டி வெச்சேன்னா? உன்னைக் கொடுமைப்படுத்தினேன்னா? ஒரு நாள் கை நீட்டியிருக்கேனா உம்மேல? ஒரு வேளை பட்டினி போட்டிருக்கேனா?"

"இல்லைங்க்கா"ன்னா. "நான் ஒண்ணுமே சொல்லலை. அவங்களே பாத்தாங்க."

அளவு குடுக்க வந்த பொம்பளைங்க எல்லாம் பாத்துக்கிட்டிருக்காங்க. அவ சங்கடப்படவே இல்லை. "படம் பாத்தேனுங்க்கா. மொதத் தடவை பாதிக்கு மேல கண்ணை மூடிக்கிட்டேன். அப்பறம் திரும்பவும் போனேன், இந்தப் பொண்ணுங்களோட. அப்ப முழுசாப் பாத்தேன். எனக்கு அது மேல பாவமாப் போயிடுச்சு."

"எது மேல?"

"அது மேலதானுங்க்கா. அந்த எசமானியம்மா." டேப்பைச் சுருட்டி மடியில வெச்சா. "நீங்க முடிவைப் பாத்தீங்களா?"

பாக்கலை, பாதியில வந்துட்டேன்னேன்.

"இருந்து பாத்திருக்கணும்"னா. அப்பறம் சொல்றா, "அக்கா, இந்தக் கடைக்குப் பின்னால ஒரு ரூம் காலியா இருக்குது. சின்னதுதான். தண்ணி வசதி இருக்குது. நீங்களும் வந்துருங்க. அங்க தனியா எதுக்குங்க்கா?"

கேட்டீங்களா? எனக்கு இடம் குடுக்கறாளாம்! தொரை கட்டின ஊட்டு எசமானிக்கு, சந்துக்குள்ள, தையல் கடைக்குப் பின்னால, தண்ணி வசதியோட! நான் எந்திரிச்சுட்டேன். "நீ என் ஊட்டுல தின்ன சோத்துக்கு இதுவா பதில்?"னு கேட்டேன். "பதில் இல்லைங்க்கா, மனசாரத்தான் கூப்பிடறேன்"னா. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினா. படி பாத்து எறங்குங்கன்னா. எனக்கு! படி பாத்து எறங்குங்கன்னு!

அன்னைக்கு மலை ஏறினவதான். கீழ எறங்கலை. எதுக்கு எறங்கணும்? ஞாயித்துக்கிழமையானா நீங்கதான் வந்துடறீங்களே, கூட்டம் கூட்டமா, பேய் பாக்க. குமரேசு சொன்னான், போர்டு வெச்சு டிக்கெட் போடுங்க சித்தின்னு. அவனை அப்பறம் உள்ள விடறதில்லை.

மழை கொறைஞ்சுடுச்சு. போங்க. போங்கன்னு சொன்னா போகணும். அங்க என்ன நின்னு என் மூஞ்சியைப் பாக்கறீங்க? எனக்குப் பாவம் பாக்கறதுக்கு உங்களை யாரும் கூப்பிடலை.

அம்மிணி. நீ நில்லு. அந்தத் தம்பி போகட்டும், வண்டியை எடுக்கட்டும்.

நீ அந்தப் படத்தை முழுசாப் பாத்தியா? கடைசி வரைக்கும்?

முடிவுல என்ன ஆகுது? அவளைச் சொல்லலை, அந்த மாடியில இருந்த பொண்ணு போயிடுவாள்னு எனக்குத் தெரியும். மத்தவ. அந்த அரக்குச் சேலைக்காரி. அவ என்ன ஆகறா?

சும்மா சொல்லு. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்.

மாடி ரூம்லயா? அவளேவா? கட்டில்ல அவ உக்காந்துக்கறாளா?

யாரு பூட்டினா அவளை?

யாரும் பூட்டலையா. கதவு தொறந்தேதான் இருக்குதா. கீழ்க்கதவும்? வாசலும்?

எல்லாம் தொறந்து கெடந்தும் அவ எந்திரிச்சுப் போகலையா?

போ அம்மிணி. மஞ்சு எறங்குது, வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லு.